எண்பது தாண்டியவருக்கு மகாதமனி வீக்கமா? சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன்

ரத்தநாள அறுவை சிகிச்சை வார்டில் நான் செவிலி. "இந்த வயசுல ஆபரேஷன் தாங்குவாங்களா சிஸ்டர்?" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். வயதை அப்புறம் பார்க்கலாம், முதலில் ஸ்கேன் ரிப்போர்ட்டில் எத்தனை சென்டிமீட்டர் என்று பாருங்கள்.

மகாதமனி என்பது இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுபோகும் பெரிய ரத்தநாளம். வயிற்றுப் பகுதியில் அது சாதாரணமாக 2 செ.மீ. அகலம் இருக்கும். 3 தொட்டால் அது வீக்கம், பெரிதானால் வெடிக்கலாம். ஆண்களுக்கு 5.5, பெண்களுக்கு 5 செ.மீ. வரும்வரை பெரும்பாலும் கண்காணிப்புதான். வலி இருந்தாலோ வேகமாக வளர்ந்தாலோ உடனே மருத்துவரிடம் பேசுங்கள்.

வயிற்றைத் திறந்து செய்வது ஒரு வழி. தொடை இடுக்கு வழியாக ஸ்டென்ட் கிராஃப்ட், அதாவது வீங்கிய நாளத்துக்கு உள்ளே ஒரு செயற்கைக் குழாய், வைப்பது இன்னொன்று. முதியவருக்குப் பெரும்பாலும் இரண்டாவதைச் சொல்வார்கள். சிறுநீரக நாளங்களுக்குக் கீழே அதைப் பொருத்த இடம் போதுமா, கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) எவ்வளவு என்று கேளுங்கள். ஸ்டென்ட்டைச் சுற்றி வீக்கத்துக்குள் ரத்தக் கசிவு உண்டா என்று ஆயுள் முழுக்க ஸ்கேன் எடுக்க வேண்டியிருக்கும். வருஷா வருஷம் கூட்டிவர உங்களால் முடியுமா?

உடல் தாங்குமா என்பதற்கு வீட்டிலேயே பாதி பதில் கிடைக்கும். 4 மீட்டர் நடக்க 5 விநாடிக்கு மேல் ஆகிறதா, கைப்பிடிக்காமல் நாற்காலியிலிருந்து எழுகிறாரா, எடை குறைந்திருக்கிறதா, நேற்று பேசியது நினைவிருக்கிறதா என்று எழுதிக் கொண்டுவாருங்கள். வயிற்றைத் திறக்கும் ஆபரேஷனைத் தாங்காதவர்களை வைத்து இங்கிலாந்தில் நடந்த 'ஈவார் 2' ஆய்வில், ஸ்டென்ட் வீக்கத்தால் வரும் சாவைக் குறைத்தது. ஆனால் மொத்த ஆயுள் கூடவில்லை.

தெளிவாக இருக்கும்போதே அவரிடமே கேளுங்கள், பிள்ளைகள் கூடிப் பேசி முடித்துவிடாதீர்கள். மகாதமனி அறுவை சிகிச்சையின் முன்னோடியான டாக்டர் மைக்கேல் டிபேக்கிக்கே 97 வயதில், 2006இல், கிழிந்த மகாதமனிக்கு ஆபரேஷன் நடந்தது. முதலில் வேண்டாம் என்றவர் அவர். நினைவு தப்பிய பிறகு செய்வதா வேண்டாமா என்று மருத்துவமனையிலேயே வாக்குவாதம். மாதக்கணக்கில் கிடந்து தேறினார், 2008 வரை வாழ்ந்தார். அவர் பிழைத்தது எனக்குச் சந்தோஷம்தான், ஆனாலும் அந்த வாக்குவாதம் எந்தக் குடும்பத்துக்கும் வரக்கூடாது.

செய்வதென்றால் மூக்குக்கண்ணாடி, காது மெஷின், பல்செட் கட்டாயம். பழகிய முகம் ஒன்று இரவிலும் பக்கத்தில் இருக்கட்டும். ஆபரேஷனுக்குப் பிறகு முதியவர்களுக்குக் குழப்பம் வருவது சகஜம், இவையெல்லாம் அதைக் குறைக்கும். தூக்க மாத்திரை போடுகிறவர் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள்.

வேண்டாமென்று முடிவானாலும் ரத்த அழுத்த மாத்திரை தொடரட்டும், புகை நிற்கட்டும். திடீரென்று முதுகோ வயிறோ வலித்து மயங்கினால் ஆம்புலன்ஸை அழைப்பதா, வீட்டிலேயே வலி தணித்து வைத்துக்கொள்வதா என்பதையும் அன்றே மருத்துவரோடு பேசி எழுதி வாங்குங்கள். அந்தத் தாளின் நகல் வீட்டில் எல்லாரிடமும் இருக்க வேண்டும்.