இதய அறைகளின் உருவாக்கம்: படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முளைக்கருவின் இதயம் ஒரே குழாயாகத் தொடங்கி, நடுவே சுவர்கள் எழும்பி நான்கு அறைகளாகப் பிரிகிறது என்று மனத்தில் பதித்துக்கொள்வதே முதல் தவறு. கருவுற்ற ஏறத்தாழ 22ஆம் நாளில் துடிக்கத் தொடங்கும் அக்குழாயில் முழு இதயமும் அடங்கியிருப்பதில்லை. அதிலிருந்து முக்கியமாக இடது கீழறை உருவாகிறது. வலது கீழறையும் இரத்தம் வெளியேறும் பாதையும் பெரும்பாலும் இரண்டாம் இதயப் புலம் எனப்படும், குழாய்க்கு வெளியே அதையொட்டி இருக்கும் செல்தொகுதியிலிருந்து பின்னர் வந்து சேரும் செல்களால் ஆனவை. மேலறைகள் தொடக்கத்திலேயே மேலே இருப்பதாக எண்ணுவதும் தவறு. அவை கருவின் வால்பக்கமாக அமைந்திருந்து, குழாய் வளைந்து மடங்கும்போதுதான் மேலும் பின்னுமாக இடம்பெயர்கின்றன.

மிகுதியான குழப்பம் மேலறை இடைச்சுவரில்தான் நேர்கிறது. அதை ஒரே சுவராக வரைந்து, அதில் ஒரு ஓட்டையைப் போட்டுவிட்டால், கரு உயிர்வாழும் சூட்சுமமே விடுபட்டுப்போகும். மேற்கூரையிலிருந்து இறங்கும் மெல்லிய முதல் தடுப்பு, மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் நடுவில் புடைத்து வளரும் திசுத்திரள்களான திண்டுகளோடு இணைந்து கீழ் இடைவெளியை அடைப்பதற்கு முன்பே, அதன் மேற்பகுதியில் செல்கள் மடிந்து புதிய துளை திறந்துவிடுகிறது. நுரையீரல் இன்னும் வேலை செய்யாத நிலையில், வலப்பக்க இரத்தம் இடப்பக்கம் செல்லும் வழி ஒரு கணமும் அடைபடக் கூடாது என்பதால், இந்த வரிசையைத் தலைகீழாக்கிப் படித்தால் எதுவும் பொருந்தாது. பிறகு வலப்பக்கத்தில் தடித்த இரண்டாம் தடுப்பு முழுமை பெறாமல் வளர, அதன் நீள்வட்டத் துளைக்கு முதல் தடுப்பு கதவாகிறது. பிறந்த குழந்தை மூச்சிழுத்ததும் இடது மேலறையின் அழுத்தம் உயர்ந்து அக்கதவை மூடுகிறது.

பெரியவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு இக்கதவு முழுவதும் ஒட்டுவதில்லை. இதைச் சுவரின் திசுவே குறைந்துபோகும் மேலறை இடைச்சுவர்க் குறைபாட்டோடு ஒன்றாக்கிப் பேசுவது, தேவையற்ற அச்சத்தைத் தருவதால், கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டியது.

கீழறைச் சுவர் முழுவதும் தசையால் ஆனதன்று. கீழிருந்து வளரும் தசைப்பகுதி உச்சியை எட்டாமல் நின்றுவிட, எஞ்சிய இடைவெளியைத் திண்டுகளின் திசுவும் வெளியேறும் பாதையின் மேடுகளும் சேர்ந்து ஏழாம் வார முடிவையொட்டிச் சவ்வாக மூடுகின்றன. பல மூலங்கள் ஒரே இடத்தில் பொருந்த வேண்டியிருப்பதால், கீழறைத் துளைகள் இச்சவ்வை ஒட்டியே மிகுதியாகக் காணப்படுகின்றன.

இங்குக் குறித்த நாள்களும் வாரங்களும் கருவுற்றதிலிருந்து எண்ணப்பட்டவை. ஸ்கேன் அறிக்கையோ கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுவதால், அதில் இரண்டு வாரம் கூடுதலாகத் தெரியும்; அதைக் கழிக்காமல் ஒப்பிடக் கூடாது.