கோடியக்கரைக்குப் போகிறீர்களா? உப்பளத்திலிருந்து தொடங்குங்கள்

கோடியக்கரைக்கு வருகிற பலர் நேரே கடலுக்குப் போய்க் கால் நனைத்துவிட்டு, வழியில் மான் கண்ணில் பட்டதா இல்லையா என்ற கணக்கோடு திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. நான் வேதாரண்யத்துக்கும் கோடியக்கரைக்கும் நடுவில், உப்பளங்கள் உள்ள அகஸ்தியம்பள்ளிக்காரன். அம்மா உப்பு வாரித்தான் எங்களைப் படிக்கவைத்தார். அதனால் சொல்கிறேன்: காலையில் உப்பளம், அப்புறம் காடு, வெயில் தாழ்ந்த பிறகு கடல். இந்த வரிசையில் பார்த்தால் இந்த மண் எப்படிப் பிழைக்கிறது என்பது புரியும்.

மாதத்தை முதலில் முடிவு செய்யுங்கள். பூநாரை, உள்ளான் போன்ற பறவைகளைப் பார்க்க நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை. உப்புக்கு மழை ஆகாது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து பாத்தியைச் சீர்செய்த பிறகுதான் வேலை ஆரம்பிக்கும். இரண்டையும் ஒரே நாளில் பார்க்க வேண்டுமென்றால் பிப்ரவரி நல்லது. ஆடி அமாவாசையும் தை அமாவாசையும் கடலாட வருகிறவர்களுக்கான நாட்கள். இந்தக் கடல்துறையை ஆதிசேது என்று புனிதமாக நினைத்து வருகிற கூட்டம் நிரம்பியிருக்கும், காடு பார்க்க அன்று வராதீர்கள்.

வருவதற்கு நாகப்பட்டினத்திலிருந்தும் திருத்துறைப்பூண்டியிலிருந்தும் வேதாரண்யத்துக்குப் பேருந்து உண்டு. 2023 ஏப்ரலிலிருந்து திருத்துறைப்பூண்டி - அகஸ்தியம்பள்ளி அகல ரயில்பாதையும் இருக்கிறது. ரயில்கள் குறைவு, நேரம் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். தண்ணீரும் தலைக்கு ஒரு துண்டும் கட்டாயம். உப்பளத்தில் ஒதுங்க ஒரு மர நிழல்கூடக் கிடைக்காது.

உப்பளத்துக்கு விடிந்ததும் போய்விடுங்கள். வெயில் ஏறினால் வெள்ளை வெளேரென்று கண் கூசும். வேலை செய்கிறவர்களும் அதற்குள் பெரும்பகுதியை முடிக்கப் பார்ப்பார்கள். அங்கே நிற்கிறவரிடம், "அண்ணே, வரப்பில நின்னு பாத்துக்கட்டுமா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள். ஆனால் பாத்திக்குள் கால் வைக்கவே கூடாது. அந்தத் தரை தானாக இறுகியதில்லை. நாள்கணக்கில் ஆட்கள் மிதித்து மிதித்து இறுக்கியது. செருப்புக் காலோடு ஒரு அடி வைத்தால் சேறு கிளம்பி உப்பில் கலந்துவிடும், அந்த இடத்து உப்பு பழுப்பாகப் போகும்.

என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டு பாருங்கள். கடல் தண்ணீர் ஏறக்குறைய 3 டிகிரியில் இருக்கும். டிகிரி என்று இங்கே சொல்வது சூட்டை அல்ல, தண்ணீரின் அடர்த்தியை. அதைப் பார்க்க ஒரு கண்ணாடிக் குழல் இருக்கிறது, தண்ணீரில் மிதக்கவிட்டால் அளவு காட்டும். தண்ணீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் காயவிட்டால் அடர்த்தி ஏறிக்கொண்டே வரும். வழியிலேயே ஜிப்சம் அடியில் தங்கிவிடும். 25 டிகிரி வந்தால் உப்பு பூக்கத் தொடங்கும். அதற்குள் தண்ணீர் பத்தில் ஒரு பங்காக வற்றியிருக்கும். 30 டிகிரி அளவுக்கு விட்டுவிட்டால் மெக்னீசிய உப்புகளும் சேர்ந்து கசக்கும். அதற்கு முன்பே மிச்சத் தண்ணீரை வெளியேற்றிவிட வேண்டும். நீளக் கைப்பிடி வைத்த பலகையால் உப்பை இழுத்து வரப்பில் குவிப்பதைப் பார்க்கும்போது, அந்தக் கைகளுக்கு எவ்வளவு கணக்குத் தெரியும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். முகத்துக்கு நேராக போனை நீட்டாமல், கேட்டுவிட்டுப் படம் எடுங்கள்.

பக்கத்திலேயே உப்பு சத்தியாகிரக நினைவுத் தூண். 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து கிளம்பி ராஜாஜி தலைமையில் நடந்து வந்த தொண்டர்கள், ஏப்ரல் 30 அன்று இங்கேதான் உப்பு அள்ளப் போனார்கள், ராஜாஜி கைதானார். வழியில் தொண்டர்களுக்குச் சோறு போட்டாலும் இடம் கொடுத்தாலும் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் மிரட்டியிருந்தார். அதையும் மீறி ஊர் ஊராக மக்கள் சாப்பாடு கொடுத்தார்கள். வேதாரண்யத்தில் வைரப்பன் என்ற சவரத் தொழிலாளி போலீஸ்காரருக்குச் சவரம் செய்ய மறுத்துச் சிறைக்குப் போனார். தலைவர்கள் பெயரோடு இவர் பெயரையும் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

அங்கிருந்து தெற்கே கோடியக்காடு. சுந்தரர் பாடிய குழகர் கோயிலை வழியில் பார்த்துக்கொள்ளலாம். 1967-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு இது. நுழைவுச் சீட்டு, வண்டி அனுமதி, எந்தப் பாதை திறந்திருக்கிறது என்பதையெல்லாம் வனத்துறைச் சாவடியில் கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளே கடை இல்லை.

வெளிமான் மரங்களுக்கு நடுவே நிற்காது, புல்வெளியில் தேடுங்கள். வளர்ந்த ஆண் முதுகு கருத்து, வயிறு வெளுத்து, கொம்பு முறுக்கிக்கொண்டு இருக்கும். பெண்ணும் குட்டியும் பழுப்பு நிறம். புள்ளிமானும் உண்டு, குழம்ப வேண்டாம். காட்டில் திரிகிற மட்டக்குதிரைகள் வளர்ப்புக் குதிரைகளாக இருந்து காட்டுக்குப் போனவை. மான் கூட்டத்தைக் கண்டால் வண்டியை நிறுத்தி, இறங்காமல் காத்திருங்கள். பத்து நிமிடம் அசையாமல் இருந்தால் அவை மேயத் தொடங்கிவிடும். குரங்குக்கு பிஸ்கட் போடாதீர்கள். அந்த உறையைத்தான் மான் தின்கிறது.

ராமர் பாதம் இந்தக் காட்டிலேயே உயரமான மேடு. உயரம் 4 மீட்டர் அளவுதான், ஆனால் டெல்டாவின் சமதரையில் அதுவே மலை. மேலே நின்றால் ஒருபக்கம் காடு, ஒருபக்கம் சதுப்பு. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் இந்தக் காட்டைப் புரட்டிப்போட்டது. சாய்ந்த பாலை மரங்களைப் பார்த்தால் இன்னும் மனசு கனக்கிறது.

பறவை பார்க்க வருகிறவர்கள் தொலைநோக்கியோடு வாருங்கள், சதுப்பு அகலமானது. வெறும் கண்ணுக்குப் பூநாரைக் கூட்டம் வெள்ளைக் கோடாகத்தான் தெரியும். சேற்றில் இறங்காதீர்கள், முழங்கால் வரை இழுக்கும்.

கடலுக்கு மாலை 4 மணி வாக்கில் போனால் போதும். வங்காள விரிகுடாவும் பாக் நீரிணையும் சேருகிற முனை, கரை இங்கே மேற்காகத் திரும்புகிறது. இழுப்பு தெரியாமல் நீந்த வேண்டாம், கணுக்கால் வரை போதும். சோழர் காலத்தது என்று சொல்லப்படும் கலங்கரை விளக்கத்தின் இடிபாட்டை 2004 சுனாமி மேலும் சிதைத்துவிட்டது. மிச்சமிருக்கிற செங்கல்லை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். ஜனவரியிலிருந்து மார்ச் வரை பங்குனி ஆமை முட்டையிடும் காலம். இருட்டிய பிறகு கரையில் டார்ச் அடிக்க வேண்டாம்.

மீன் சீசனில் வெளியூர் மீனவர்கள் வந்து குடிசை போட்டுத் தங்கியிருப்பார்கள். கருவாடு வாங்குவதென்றால் அங்கேயே வாங்குங்கள். விரலால் அழுத்தினால் ஈரம் தெரியாமல், நன்றாகக் காய்ந்ததாகப் பாருங்கள். கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே நடத்துநரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.