போன் மாற்றும் முன், குழுவில் வாய் திறக்கும் முன்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்து ஆட்கள் சேர்ந்து, போன் பிரைவசி பற்றிப் பேச சிக்னல் என்ற மெசேஜ் ஆப்பில் நடத்தும் ஒரு குழுவில் நானும் ஒரு அட்மின். பிழைப்புக்குத் திருப்பூரில் செல்போன் சர்வீஸ் கடை. கல்லூரி திறக்கும் மாதம் வந்தால் குழுவுக்குப் புது ஆட்கள் வருவார்கள். நாங்கள் எல்லாம் ஒரு காலத்தில் செய்து முடித்த தவறுகளையே புதுசாக ஆரம்பிப்பார்கள். கீழே உள்ள ஒவ்வொரு தலைப்பும் அப்படி ஒரு தவறு. எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு வைக்காதே, தெரியாத லிங்க்கைத் தொடாதே போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அதற்கு பேங்க் அனுப்பும் எஸ்.எம்.எஸ். போதும்.

போன் மாடலைக் கேட்டு ஆளை எடை போடுவது

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். இன்னும் எனக்கு எரிச்சல் தீரவில்லை.

ஒரு பெண். அவர் சம்மதத்தோடு, ஊரையும் வேலையையும் மாற்றிச் சொல்கிறேன். பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிச்சயம் ஆன கல்யாணத்தை அவரே நிறுத்திவிட்டார். அதன் பிறகும், தான் எங்கே போனாலும் அந்த ஆளுக்குத் தெரிந்துவிடுகிறது என்று ஒரு பெரிய பிரைவசி குழுவில் கேட்டிருக்கிறார். என்ன போன் என்று முதலில் கேட்டார்கள். சாதாரண பட்ஜெட் ஆண்ட்ராய்டு போன் என்றதும் ஆரம்பித்துவிட்டது. கூகுளை வைத்துக்கொண்டு பிரைவசி கேட்க வந்துவிட்டாயா, சீனா போனா, முதலில் அதைத் தூக்கிப் போடு, பிக்சல் வாங்கி கிராஃபீன் ஓ.எஸ். போட்டுவிட்டு வந்து பேசு. (பிக்சல் என்பது கூகுளே விற்கும் போன். கிராஃபீன் ஓ.எஸ். என்பது அதில் கம்பெனி ஓ.எஸ்.ஸுக்குப் பதிலாகப் போடும், பிரைவசிக்கென்றே செய்த இயங்குதளம்.) நல்ல மனதோடு சொன்னவர்களும் அதில் இருந்திருப்பார்கள். ஆனால் "அந்த ஆள் யார், உங்கள் போனை எப்போதாவது தொட்டிருக்கிறானா?" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

கோவையில் செகண்ட் ஹேண்டாக ஒரு பிக்சல் வாங்கிவிட்டார். ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல். என் கடைக்கு வந்து, "ஏனுங்ணா, இதுல அந்த ஓ.எஸ். போட்டுத் தர்றீங்களா?" என்றார். செட்டிங்ஸுக்குள் போய்ப் பார்த்தேன். வேறு ஓ.எஸ். போட அனுமதிக்கும் ஓ.ஈ.எம். அன்லாக்கிங் என்ற பட்டன் மங்கிக் கிடந்தது. வெளிநாட்டில் ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் விற்கப்பட்டு, இங்கே இறக்குமதியான போன். அந்த மாதிரி போன்கள் பலவற்றில் பூட்லோடரை, அதாவது போன் ஆனதும் ஓ.எஸ்.ஸை ஏற்றும் நிரலை, திறக்கவே முடியாமல் பூட்டி வைத்திருப்பார்கள். பூட்லோடர் திறக்காவிட்டால் வேறு ஓ.எஸ். போட வழியே இல்லை. விற்ற கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

சரி, எதற்காக இதெல்லாம் என்று கேட்ட பிறகுதான் முழுக் கதையும் வந்தது. நிச்சயமான சமயத்தில் பழைய போனை செட்டப் செய்து கொடுத்ததே அந்த ஆள்தான். கூகுள் கணக்கில் "உங்கள் சாதனங்கள்" பகுதியைத் திறந்தால், அவனுடைய போன் ஒன்றும் உள்ளே இருந்தது. மேப்ஸில் லொகேஷன் ஷேரிங் ஓடிக்கொண்டிருந்தது. வாட்ஸ்அப்பில் லிங்க்டு டிவைசஸில் ஒரு கம்ப்யூட்டர். அத்தனை செலவு செய்து வாங்கிய பிக்சலிலும் அதே கூகுள் கணக்கைத்தான் போட்டிருந்தார். புது போன் வாங்கியதும் அவனுக்குத் தெரிந்திருக்கும். மடை உடைந்து தண்ணீர் போகும்போது மோட்டாரை மாற்றிய கதை.

சரிசெய்ய டீ வருகிற நேரம்தான் ஆனது. ஆனால் ஒரு எச்சரிக்கை. இப்படி ஒரு ஆளின் அணுகலைத் துண்டிப்பதற்கு முன், திரையில் தெரிவதையெல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். துண்டித்த மறுநிமிடம் அவனுக்குத் தெரிந்துவிடும், நேரில் வந்து நிற்கவும் கூடும். அதனால் நம்பிக்கையான ஒருவரிடம் முன்பே சொல்லி வையுங்கள். ஒரு பெண்ணின் இணையப் பயன்பாட்டையும் மின்னணுத் தொடர்பையும் இப்படிக் கண்காணிப்பது பாரதிய நியாய சன்ஹிதா 78-ஆம் பிரிவில் குற்றம். 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்குப் பேசலாம்.

எனவே குழுவில் யாராவது கேள்வி கேட்டால், முதலில் கேட்க வேண்டியது போன் மாடல் இல்லை. யாரிடமிருந்து மறைக்கப் பார்க்கிறீர்கள்? விளம்பரக் கம்பெனியா, வீட்டு ஆளா, போனைத் திருடுகிறவனா? எந்த ஆப் ஓடாவிட்டால் பிழைப்பு நிற்கும்? இந்த இரண்டுக்கும் பதில் வந்த பிறகு போன் பேச்சுக்கு வரலாம்.

வந்தால், அங்கேயும் விவரம் வேண்டும். கிராஃபீன் ஓ.எஸ். நன்றாகச் செய்யப்பட்டது. அதைப் போட்ட பிறகு பூட்லோடரைத் திரும்பப் பூட்டிவிடலாம், ஆகவே போன் ஒருவன் கையில் சிக்கினாலும் உள்ளே இருக்கும் ஓ.எஸ்.ஸைச் சத்தமில்லாமல் மாற்றிவிட முடியாது. ஆனால் அதை பிக்சல் போன்களுக்காகத்தான் உருவாக்கி வளர்த்தார்கள், கையில் இருக்கும் எந்த போனிலும் போட்டுவிட முடியாது. லீனியேஜ் ஓ.எஸ். என்ற இன்னொரு மாற்று ஓ.எஸ். பல கம்பெனி போன்களில் ஓடும். கம்பெனி கைவிட்ட பழைய போனுக்கு உயிர் கொடுக்கும். ஆனால் பெரும்பாலான போன்களில் பூட்லோடர் திறந்தபடியே கிடக்கும். கூகுளிடமிருந்து விலக நினைப்பவருக்கு அது பெரிய குறை இல்லை. போனைக் கையில் எடுக்கும் ஆளுக்குப் பயப்படுகிறவருக்கு அது ஆகாது. ஆனால் குழுவில் இரண்டையும் ஒரே பெயரில் "டீகூகுள்" (கூகுளை நீக்குவது) என்று சொல்லி முடித்துவிடுவார்கள்.

செகண்ட் ஹேண்ட் பிக்சல் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், பணம் கொடுக்கும் முன் கடையிலேயே போனை இன்டர்நெட்டில் இணையுங்கள். செட்டிங்ஸில் பில்டு நம்பரை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் வரும். அதில் ஓ.ஈ.எம். அன்லாக்கிங் பட்டன் ஆன் ஆகிறதா என்று பாருங்கள். ஆகவில்லை என்றால், விலை எவ்வளவு குறைத்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். *#06# அடித்து, ஒவ்வொரு போனுக்கும் தனியாக இருக்கும் அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ. எண்ணை எடுத்து, கே.ஒய்.எம். என்ற மூன்று ஆங்கில எழுத்துகளோடு ஓர் இடைவெளி விட்டுச் சேர்த்து 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் அது தடை செய்யப்பட்ட போனா என்பதும் தெரியும். அப்புறம் அப்டேட் காலம். பிக்சல் 8 முதல் ஏழு வருடம், 6 மற்றும் 7 வரிசைக்கு ஐந்து வருடம். இந்தக் கணக்கு போன் வெளிவந்த நாளிலிருந்து ஓடுவது, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து இல்லை.

பேங்க் ஆப் ஓடும் என்று நம்பிப் பழைய போனை விற்பது

விற்காதீர்கள். மாற்று ஓ.எஸ்.ஸில் சில பேங்க் ஆப்கள் ஓட மறுக்கலாம். மாதக் கடைசி, சம்பள நாள் இரண்டும் தாண்டட்டும்.

"என் பேச்சுரிமையைப் பறித்துவிட்டார்கள்"

அட்மின் ஒரு பதிவை நீக்கினால் உடனே வருகிற வசனம் இது. அரசியலமைப்பின் 19(1)(அ) பிரிவு பேச்சுரிமையைத் தருகிறது, 19(2) அதற்கு நியாயமான கட்டுப்பாடுகள் விதிக்க இடம் கொடுக்கிறது. இரண்டுமே முதன்மையாக அரசுக்கும் குடிமகனுக்கும் நடுவில் இருக்கும் விஷயம். 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இணையத்தில் புண்படுத்தும் பதிவு போட்டார் என்று ஆளைக் கைது செய்ய இடம் கொடுத்த, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை ரத்து செய்தது என்றால், அது போலீஸ் கைக்கு எதிரான தீர்ப்பு. நாலு பேர் சேர்ந்து நடத்தும் குழுவில் இன்னது பேசலாம், இன்னது கூடாது என்று வைப்பது அந்த நாலு பேரின் உரிமை.

பேச்சுரிமை பறிபோவது எப்படி இருக்கும் என்று நம் பக்கத்து ஆட்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் கூட்டிய பேச்சுவார்த்தையில், "மாதொருபாகன்" நாவலுக்காக எழுத்தாளர் பெருமாள்முருகனிடம் நிபந்தனையற்ற மன்னிப்பு எழுதி வாங்கினார்கள். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம், அந்த ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தாது என்று சொல்லும் வரை அவர் எழுத்தாளராகவே இல்லை. அதையும், உங்கள் மீம் நீக்கப்பட்டதையும் ஒரே வரியில் எழுதாதீர்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2025 நவம்பர் இறுதியில், எல்லாப் புது போனிலும் சஞ்சார் சாத்தி என்ற அரசு ஆப்பை முன்கூட்டியே போட வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை உத்தரவு போட்டது. எதிர்ப்புக் கிளம்பியதும் டிசம்பர் 3 அன்று அந்தக் கட்டாயத்தை விலக்கிக்கொண்டார்கள். அந்த வாரம் எங்கள் குழு கொதித்தது. "அரசியல் கூடாது" என்பது விதி, ஆனாலும் நாங்கள் விட்டுவிட்டோம். போனுக்குள் அரசு எதைப் போடலாம் என்பதைப் பிரைவசி குழுவில் பேசாமல் எங்கே பேசுவது? பேச்சு கட்சிக்கும் அங்கிருந்து சாதிக்கும் தாவியபோதுதான் மூடினோம். சில குழுக்களில், அட்மினுக்குப் பிடித்த ஓ.எஸ்.ஸில் ஒரு குறை சொன்னால்கூட ஆளைத் தூக்கிவிடுகிறார்கள். அதற்கும் அவர்களுக்கு உரிமை உண்டு. அந்த மாதிரிக் குழுவில் போன் ஆலோசனை கேட்பதுதான் தவறு, ஏனென்றால் அங்கே எஞ்சியிருப்பது தலையாட்டுகிறவர்கள் மட்டும்.

அட்மினாக இருக்கவே பயப்படுவது

எவனோ போட்ட பதிவுக்கு நாம் ஜெயிலுக்குப் போவோமா என்று கேட்டு, நல்ல பிள்ளைகள் அட்மின் பொறுப்பை விட்டு ஓடுகிறார்கள். நம் கரூரிலேயே இதற்கு வழக்கு இருக்கிறது. வழக்கறிஞர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் ஒரு உறுப்பினர் போட்ட பதிவுக்காக அட்மின் மேலும் எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். 2021 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, அவர் வெறும் அட்மின் மட்டும்தான், வேறு பங்கு இல்லை என்று விசாரணையில் தெரிந்தால் இறுதி அறிக்கையில் பெயரை நீக்க வேண்டும் என்றது. நீங்களே அந்தப் பதிவைக் குழுவின் மேலே பின் (pin) செய்து வைத்தாலோ, வேறு குழுவுக்கு அனுப்பினாலோ கதை வேறு.

புனைபெயர் இருக்கிறதே என்று எதையும் பேசுவது

சிக்னலில் 2024 முதல் யூசர்நேம் வைத்துப் போன் நம்பரை மறைக்கலாம், நல்ல வசதி. டெலிகிராம் குழுக்களுக்கு எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷனே (பேசிக்கொள்கிறவர்களைத் தவிர யாரும் படிக்க முடியாதபடி பூட்டுவது) கிடையாது. 2024 செப்டம்பரில் அவர்கள் கொள்கையை மாற்றினார்கள், சட்டப்படி கோரிக்கை வந்தால் விதியை மீறுகிறவர்களின் போன் நம்பரையும் ஐ.பி. முகவரியையும் கொடுப்போம் என்று. சரி, சிக்னல்தானே என்றாலும், என்கிரிப்ஷன் எதிராளியின் திரை வரைக்கும்தான். அங்கிருந்து ஸ்கிரீன்ஷாட் கிளம்பிவிடும்.

புனைபெயரில் இருந்த ஒருவர் தன் முதலாளியைக் குழுவில் கிழித்துத் தொங்கவிட்டார். நடுநடுவே தன் தெருவில் கரண்ட் போன நேரம், ஊர்த் தேர் எப்போது, எந்த பஸ்ஸைத் தவறவிட்டார் என்றெல்லாம் எழுதினார். பக்கத்து டேபிளில் உட்கார்ந்திருந்த சக ஊழியரும் அதே குழுவில் இருந்தார். கண்டுபிடிக்க எந்தத் தொழில்நுட்பமும் தேவைப்படவில்லை. அவதூறு வழக்குக்குப் புனைபெயர் தடையும் இல்லை.

லாக்கை (log, போனின் பிழைப் பதிவு) அப்படியே குழுவில் ஒட்டுவது

ஐ.எம்.இ.ஐ., சீரியல் எண், வைஃபை பெயர் எல்லாம் அதில் இருக்கலாம். அழித்துவிட்டு ஒட்டுங்கள்.

ஓ.எஸ். செய்கிறவர்களைத் திட்டுவது

பலர் காசு வாங்காமல் உழைக்கிறார்கள். வேண்டாம்.

வீட்டு ஆள் போனைக் கேட்காமல் "சுத்தம்" செய்வது

ஈரோட்டில் ஒரு பையன், மஞ்சள் மண்டி நடத்தும் அப்பாவின் போனில் கூகுள் ஆப் அத்தனையையும் நீக்கிவிட்டான். அவர் ஏலத் தகவல் எல்லாவற்றையும் வாயால் சொல்லித்தான் டைப் செய்வார். மறுநாள் காலை குரல் டைப்பிங் இல்லை, பழைய பில் போட்டோக்களைத் தேட முடியவில்லை. "ஏஞ்சாமி, உன்னைய ஆரு கேட்டா?" என்பதோடு நிறுத்திக்கொண்டார். என் அப்பாவாக இருந்தால் போன் பறந்திருக்கும்.

நிஜமாகவே உதவ வேண்டுமென்றால், அவர் சும்மா இருக்கும் நேரமாகப் பார்த்துப் பக்கத்தில் உட்காருங்கள். ஆண்ட்ராய்டு 12 முதல் பிரைவசி டாஷ்போர்டு இருக்கிறது. கடந்த 24 மணி நேரத்தில் எந்த ஆப் கேமராவை, மைக்கை, லொகேஷனை எப்போது எடுத்தது என்று அதில் தெரியும். அவரையே பார்க்கச் சொல்லுங்கள். ஒரு டார்ச் ஆப் நடுராத்திரியில் லொகேஷன் எடுத்திருப்பதைப் பார்த்தால், எதை நீக்குவது என்று அவரே சொல்வார்.