மரபணுவை அடக்கினால் புற்றுநோய் செல் சாகிறதா? முதன்முறை செய்பவர்களுக்கு

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பயோடெக் படித்துவிட்டு, புராஜெக்ட் செய்ய ஓசூர் தாண்டி பெங்களூருக்கு பஸ் ஏறுகிறவர்களுக்காக எழுதுகிறேன். எடுத்துக்காட்டு, ஹீலா செல்லில் (ஆய்வகத்தில் வளர்க்கும் கருப்பைவாய்ப் புற்றுநோய் செல்) சர்வைவின் மரபணு. செல் பிரிவதற்கும் அந்த மரபணு தரும் புரதம் வேண்டும், சாகாமல் இருப்பதற்கும் வேண்டும்.

மரபணுவை அடக்கும் இந்த வழியை 1998-இல் ஃபயர், மெல்லோ என்ற விஞ்ஞானிகள் புழுவில் கண்டறிந்தார்கள். 2006-இல் நோபல் கிடைத்தது. சுமார் 21 எழுத்து நீளமுள்ள எஸ்ஐஆர்என்ஏ என்ற சிறு ஆர்என்ஏ துண்டை உள்ளே அனுப்பினால், அதற்குப் பொருந்தும் எம்ஆர்என்ஏவை (புரதம் செய்ய மரபணுவிலிருந்து எடுக்கும் நகல்) செல்லே வெட்டிவிடும். மரபணுவுக்கு ஒன்றும் ஆகாது.

1. முந்தின நாளே செல்லைப் போடுங்கள். மறுநாள் தட்டில் 30–50% நிறைந்திருந்தால் போதும். செல் வளரும் திரவமான மீடியத்தில் ஆன்டிபயாடிக் வேண்டாம்.

2. எஸ்ஐஆர்என்ஏ குழாய் காலியாகத்தான் தெரியும். பொடி மூடியில் ஒட்டியிருக்கலாம். திறக்குமுன் சென்ட்ரிஃபியூஜில் ஒரு சுற்று விடுங்கள். ஆர்என்ஏஸ் (ஆர்என்ஏவைச் சிதைக்கும் நொதி) இல்லாத நீரில் கரைத்து, சிறு சிறு பங்காகப் பிரித்து உறையவையுங்கள்.

3. எஸ்ஐஆர்என்ஏவைச் செல்லுக்குள் கொண்டுபோகும் லிப்பிட் ரீஏஜென்ட்டோடு கலந்து, கிட்டில் சொன்ன நேரம் விட்டுச் செல்லில் சேருங்கள். எஸ்ஐஆர்என்ஏவின் செறிவு பொதுவாக 10–50 நானோமோலார். எந்த மரபணுவையும் தொடாத கன்ட்ரோல் எஸ்ஐஆர்என்ஏவுக்கும் தனிக் குழி வேண்டும். இல்லாவிட்டால் ரீஏஜென்ட்டின் நஞ்சை மரபணுவின் வேலை என்று எழுதிவிடுவீர்கள்.

4. 48 மணி நேரம் கழித்து எம்ஆர்என்ஏ குறைந்ததா என்று கியூபிசிஆரில் பாருங்கள். ஏற்கெனவே இருக்கும் புரதம் அழிய நேரமாகும். புரதத்தின் அளவைக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டை 72 மணி நேரத்திலும் செய்யுங்கள். இங்கே குறையவில்லை என்றால் மேலே போகாதீர்கள்.

5. எம்டிடி, உயிருள்ள செல் எவ்வளவு என்று பார்க்கும் சோதனை. மஞ்சள் கரைசலை உயிருள்ள செல் ஊதா ஊசிப் படிகமாக்கும். படிகத்தை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்து, நிறத்தின் அடர்வை 570 நானோமீட்டர் ஒளியில் அளவிடுங்கள்.

பெரும்பாலோர் இங்கேயே நிறுத்தி "செல் செத்தது" என்று எழுதுகிறார்கள். எனக்கு இது ஒப்பாது. கேழ்வரகுக் கொல்லையில் பயிர் கம்மியாக நின்றால், முளைக்கவில்லையா, முளைத்துக் கருகியதா என்று இறங்கிப் பார்க்காமல் சொல்ல முடியுமா? ஊதா குறைந்தது செல் பிரியாததாலும் இருக்கலாம், செத்ததாலும் இருக்கலாம்.

6. அதனால் அனெக்சின் வி, புரோப்பிடியம் அயோடைடு என்ற ஒளிரும் குறிப்பான்கள் இரண்டும் போட்டு, செல்லை ஒவ்வொன்றாக ஒளியில் பார்க்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி. அனெக்சின் மட்டும் ஒளிர்ந்தால் சாவு தொடங்கிவிட்டது. இரண்டும் ஒளிர்ந்தால் சவ்வே கிழிந்துவிட்டது. மிதக்கும் செல்லைக் கொட்டிவிடாதீர்கள், செத்ததில் பெரும்பாலானவை அதில்தான் இருக்கும். செல் சுழற்சியைத் தனியாகப் பாருங்கள்: சர்வைவின் இல்லாத செல் இரண்டாகப் பிரிய முடியாமல் டிஎன்ஏவை மட்டும் பெருக்கிக்கொண்டு உப்பி நிற்கும்.

7. அதே மரபணுவின் வேறு இடத்தைக் குறிவைக்கும் இன்னொரு எஸ்ஐஆர்என்ஏவோடு எல்லாவற்றையும் மறுபடி செய்யுங்கள். ஒன்றில் மட்டும் செல் செத்தால், அடிபட்டது வேறு மரபணுவாக இருக்கலாம்.