ஜி.பி.ஏ. 2.8: அமெரிக்கப் பல் மருத்துவக் கல்லூரிக்குத் தயாரான கணக்கு

முதலில் ஜி.பி.ஏ. (ஏ-க்கு 4, எஃப்-க்கு 0 என்று எடுக்கும் சராசரி) கணக்கைச் சரியாகப் போடுங்கள். நான் தொடங்கியதும் அங்கேதான். 3 கிரெடிட் (பாடத்தின் எடை அளவு) பாடத்தில் முதலில் எஃப், திரும்பப் படித்து ஏ என்றால், பல கல்லூரிகள் ஏ-வை மட்டுமே கணக்கில் எடுக்கும். பல் மருத்துவக் கல்லூரிகளுக்கான விண்ணப்பங்களைத் திரட்டும் பொது அமைப்பான ஆட்சாஸ் (AADSAS) இரண்டையும் சேர்த்து 2.0 என்றே காட்டும். பழைய மதிப்பெண் அழியாது.

120 கிரெடிட், 2.8 என்றால் 336 புள்ளி. பட்டத்துக்குப் பின் 30 கிரெடிட் முழுக்க ஏ வாங்கினாலும் 456/150, அதாவது 3.04தான். மலைக்காதீர்கள், அறிவியல் பாடங்களுக்கு மட்டுமான ஜி.பி.ஏ. வேகமாக ஏறும்: 50 கிரெடிட்டில் 2.6 இருந்தது, அதே 30 சேர்ந்தால் 3.125. அதனால் அந்த 30-ஐயும் உயிர்வேதியியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல் போன்ற மேல்நிலை அறிவியல் பாடங்களாகவே எடுங்கள். சி வாங்கிய பாடத்தைத் திரும்ப எடுப்பது, அது சேர்க்கைக்குக் கட்டாயமான முன்தேவையாக இருந்தால் மட்டும்.

முதுகலை வகுப்பு தனி ஜி.பி.ஏ.வாக நிற்கும், இளங்கலை எண்ணை உயர்த்தாது. பலர் பணத்தைக் கட்டிய பிறகே இதைக் கவனிக்கிறார்கள், பாவம்.

ஒரே பருவத்தில் நான்கு கடினப் பாடங்களோடு பல் மருத்துவச் சேர்க்கைக்கான டி.ஏ.டி. (DAT) தேர்வையும் திணிக்காதீர்கள். ஒரு பி விழுந்தாலும் ஏறுமுகம் உடைந்துபோகும். கடைசிப் பருவ மதிப்பெண் வந்த பிறகு, ஜூனிலேயே விண்ணப்பியுங்கள்.