பெட்டியில் கொம்பு எந்தப் பக்கம்? ஐந்து வயதுப் பிள்ளைக்கு வீட்டில் தமிழ் எழுத்து

போன ஆடியில் நோட்டை எடுத்தாலே அழுத என் மகள், இப்போது இரவுச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் "இரும்மா, இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்கிறாள். நடுவில் என்ன மாற்றினேன் என்று வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் பொருட்கள். ஒரு கல் சிலேட்டு, பலப்பம், பழைய கல்யாணப் பத்திரிகைகள், கத்தரிக்கோல். மார்க்கரில் எழுதும் வெள்ளைப் பலகை வேண்டாம். அது வழுக்கும், சுழியை எங்கே நிறுத்துவது என்று சின்ன விரலுக்குப் பிடிபடாது. கல் சிலேட்டில் பலப்பம் உரசும்போது கை தானாக நிதானத்துக்கு வருகிறது. எழுத்துப் பழக்கும் செயலிகளும் எனக்குப் பிடிக்கவில்லை. சரியாகத் தொட்டால் மணி அடிக்கும். பிள்ளை அந்த மணிக்காகத்தான் தொடும்.

அடுத்து, எழுத்து வரிசை. 247 எழுத்துகள் உள்ள அட்டவணையைச் சுவரில் ஒட்ட வேண்டாம். அ-விலும் தொடங்க வேண்டாம்; சுழி, வளைவு, கோடு மூன்றும் அந்த ஒரே எழுத்தில் இருக்கின்றன. ட, ப இரண்டும் நேர்க்கோடுகள்தான். ம-வில் ஒரு வளைவு கூடும். இவற்றோடு புள்ளியையும் சொல்லிக்கொடுத்தால் படம், பட்டம், மட்டம் எல்லாம் வந்துவிடும். ர சேர்ந்தால் மரம். என் மகள் "பட்...டம்" என்று முதல்முறை கூட்டிப் படித்துவிட்டு, மொட்டை மாடிக்கு ஓடிப்போய் வானத்தைப் பார்த்தாள். நோட்டின் மீதிருந்த பயம் அன்றைக்குப் போனது.

காலும் (ா) விலங்கும் (ி) சட்டென்று வந்துவிட்டன: மாமா, பாப்பா, பாட்டி.

அப்புறம் கொம்பு (ெ). இங்கேதான் மூன்று வாரம் நின்றோம். "பெட்டி" எழுதச் சொன்னால் ப போட்டுவிட்டு அதற்கு வலப்பக்கம் கொம்பைப் போடுவாள். அவள் பக்கம் நியாயம் இருந்தது. வாயில் "ப்" முதலில் வருகிறது, "எ" பிறகுதான் வருகிறது. கால்கூட எழுத்துக்குப் பின்னால்தான் நின்றது. கொம்பு மட்டும் ஏன் முன்னால்? நான் திருத்தத் திருத்த, ஒருநாள் சிலேட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

திருத்துவதை நிறுத்திவிட்டு அட்டை வெட்டினேன். ப, ட, ம, ர ஒவ்வொன்றுக்கும் உள்ளங்கை அளவில் வெள்ளை அட்டை. ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, கால் மூன்றுக்கும் மஞ்சள் அட்டை.

1. ப அட்டையைத் தரையில் வையுங்கள். பிள்ளை "ப" என்று சொல்லட்டும்.

2. ஒற்றைக் கொம்பை இடப்பக்கம் வைத்து "பெ" என்று சொல்லுங்கள். எடுங்கள், "ப". வையுங்கள், "பெ". பத்து முறையாவது செய்யுங்கள். விளக்கம் எதுவும் சொல்லாதீர்கள். நான் விளக்கியபோதெல்லாம் குழப்பம்தான் கூடியது.

3. அந்த இடத்தில் இரட்டைக் கொம்பை மாற்றி வைத்து "பே" என்று குரலை நீட்டுங்கள்.

4. பே அப்படியே இருக்க, வலப்பக்கம் காலை வையுங்கள். "போ!"

"போ" வந்ததும் அவளுக்கு ஒரே குதூகலம். அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைச் சமையலறைக்கு விரட்டினாள். நான்காம் நாள்தான் சிலேட்டுக்குத் திரும்பினோம். இடப்பக்கம் கொஞ்சம் இடம் விட்டு ப எழுதப் போனவள், தானே நிறுத்தி, கொம்பை முதலில் போட்டாள்.

பள்ளியில் ஒரே எழுத்தைப் பத்து வரி எழுதச் சொல்லி அனுப்பினால், ஒரு வரி முடிந்ததும் அந்த எழுத்தைப் பழைய செய்தித்தாளில் தேடி வட்டமிடச் சொல்லுங்கள். மொத்தம் 15 நிமிடம் போதும். "இன்னும் ஒண்ணு" என்று கேட்டால் அந்த ஒன்றோடு சிலேட்டை எடுத்து வைத்துவிடுங்கள். மறுநாள் அவளே கொண்டுவருவாள்.

பிற்சேர்க்கை 1: எங்கள் அத்தை எழுதும் லை, னை எழுத்துகளில் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு மேலே ஏறும். பிள்ளை இரண்டையும் பார்த்துத் திகைத்தாள். 1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவருவதற்கு முன் படித்தவர்கள் பலர் இன்னமும் அப்படித்தான் எழுதுகிறார்கள். அத்தையைத் தடுக்கவில்லை. "இது பாட்டி எழுத்து, இது உன் எழுத்து" என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினேன். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

பிற்சேர்க்கை 2: ஒரு வாசகி எழுதியிருந்தார்: அட்டையில் சரியாக வைக்கும் பையன், சிலேட்டில் மறுபடியும் கொம்பைப் பின்னால் போடுகிறானாம். விசாரித்ததில், அம்மா செல்போனில் தமிழில் தட்டச்சு செய்வதை அவன் தினமும் பார்க்கிறான். அங்கே ப-வைத் தொட்ட பிறகுதான் கொம்பைத் தொடுகிறோம்! பழைய தட்டச்சுப் பொறியில் கையெழுத்து மாதிரியே கொம்புதான் முதலில். கொம்பு கையில் உறுதிப்படும்வரை, ஒரு மாதம், பிள்ளை மடியில் இருக்கும்போது செல்போனில் தமிழ் தட்டாதீர்கள்.