லேப்டாப்புக்குப் பதில் ஹைபிரிட் டேப்லெட் போதுமா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

மின்னஞ்சல், யூடியூப், ஜூம் கூட்டம், இரண்டு பக்கக் கடிதம், பிள்ளையின் ஆன்லைன் வகுப்பு. இவ்வளவையும் கீபோர்டு மாட்டிய டேப்லெட் தாராளமாகச் செய்யும். அதனால் "லேப்டாப் வேலையெல்லாம் இதில் ஆகுமா?" என்று யாரைக் கேட்டாலும் ஆகும் என்றுதான் பதில் வரும். கேள்வியே தப்பு. மாதத்தில் ஒரு நாள் மட்டும் வருகிற, ஆனால் செய்யாமல் விட முடியாத எந்த வேலை இதில் ஆகாது என்று கேட்க வேண்டும். வாங்கிய பிறகு தலையில் கைவைப்பவர்கள் பெரும்பாலும் அந்த ஒரு வேலையில்தான் மாட்டுகிறார்கள்.

ஒரு சிறு கம்பெனியின் கணக்கைப் பார்ப்பவரை எடுத்துக்கொள்வோம். ஜிஎஸ்டியில் கம்பெனிகளும் எல்எல்பி எனப்படும் கூட்டு நிறுவனங்களும் ரிட்டர்னை டிஎஸ்சி எனப்படும் டிஜிட்டல் கையொப்பம் வைத்துத்தான் தாக்கல் செய்ய வேண்டும். தனி ஆளாகத் தொழில் நடத்துபவரைப் போல ஓடிபியில் முடித்துக்கொள்ள முடியாது. அந்த டிஎஸ்சி இருப்பது ஒரு யுஎஸ்பி டோக்கனில். டோக்கனுக்கான டிரைவர், அதாவது அதை இயக்கும் மென்பொருள், கணினியில் ஏறியிருக்க வேண்டும். கையொப்பத்தை பிரவுசரோடு சேர்த்துவைக்கும் எம்சைனர் என்ற மென்பொருள் பின்னால் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஐபேடில் ஒரு கன்வெர்ட்டர் போட்டு டோக்கனைச் செருகலாம்தான். ஆனால் அந்த டிரைவரையும் எம்சைனரையும் அதில் ஏற்ற வழியில்லை, அதனால் கையொப்பம் விழாது. மாதம் முழுக்க ஒரு குறையும் சொல்லாதவர், 20-ம் தேதி இரவு 3பி என்ற மாத ரிட்டர்ன் போட உட்காரும்போது பக்கத்து ஆபீஸில் கணினி கேட்டு நிற்பார்.

டிஎஸ்சி ஒரு உதாரணம்தான். அரசு டெண்டர் போடும் ஒப்பந்ததாரருக்கும் இதே கதை. கணக்கு மென்பொருளான டேலி பிரைம் விண்டோஸுக்கு எழுதப்பட்டது. இயந்திரப் பாகங்களை வடிவமைக்கும் சாலிட்வொர்க்ஸும் அப்படியே; மெக்கானிக்கல் படிக்கும் பிள்ளைக்கு இரண்டாம் வருடத்திலோ மூன்றாம் வருடத்திலோ அது வந்து நிற்கும். எக்செலில் சம்பளப் பட்டியல் வைத்திருக்கும் அலுவலகங்களில், யாரோ என்றைக்கோ எழுதிவைத்த மேக்ரோ ஒன்று இருக்கும். ஒரு பட்டனை அழுத்தினால் பிஎஃப், பிடித்தம் எல்லாம் தானாக விழும். ஐபேட், ஆண்ட்ராய்டு எக்செலில் அந்தக் கோப்பு அழகாகத் திறக்கும், பட்டனும் கண்ணுக்குத் தெரியும், அழுத்தினால் வேலை செய்யாது. மேக்ரோ அங்கே ஓடாது.

ஆகவே கடைக்குப் போகும் முன், இப்போதுள்ள லேப்டாப்பைத் திறந்து அதில் ஏற்றியிருக்கும் மென்பொருள் பட்டியலை ஒருமுறை கீழ்வரை பாருங்கள். நினைவில் இருந்து பட்டியல் போட்டால் தினமும் செய்கிற வேலைதான் ஞாபகத்துக்கு வரும். காலை வாருவது வருடத்துக்கு நாலு தடவை செய்கிற வேலை. பிரிண்டரையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் ஊர் ஆபீஸ்களில் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கும் கேனன் எல்பிபி 2900 போன்ற பழைய லேசர் பிரிண்டர்களுக்கு யுஎஸ்பி ஒயர் ஒன்றுதான் வழி. வைஃபை கிடையாது, ஐபேடில் இருந்து ஒயரில்லாமல் அச்சடிக்கும் ஏர்பிரிண்ட் கிடையாது.

விண்டோஸ் என்று போட்டிருக்கிறதே, போதாதா?

ஹைபிரிட் என்ற பெயரில் கடையில் குறைந்தது நாலு ஜாதி இருக்கிறது. திரை தனியாகக் கழன்று வரும் விண்டோஸ் டேப்லெட் ஒன்று. அதே தோற்றத்தில், உள்ளே இன்டெல், ஏஎம்டிக்குப் பதில் ஆர்ம் சிப் (மொபைல் போன்களில் இருக்கும் வகை) வைத்த விண்டோஸ் டேப்லெட் இன்னொன்று. கீபோர்டு வாங்கிச் சேர்த்த ஐபேட் அல்லது ஆண்ட்ராய்டு டேப்லெட் மூன்றாவது. நாலாவது, திரையை 360 பாகைக்கு மடக்குகிற லேப்டாப். இந்தக் கடைசி வகையில் கவலை இல்லை, அது முழு லேப்டாப்தான். ஆனால் மடித்துக் கையில் பிடித்தால் ஒன்றேகால், ஒன்றரை கிலோ கனக்கும். படுத்துக்கொண்டு படிக்கலாம் என்று வாங்கியவர்கள் இரண்டாம் நாளே மேஜையில் வைத்துவிடுவார்கள்.

ஆபத்து இரண்டாவது வகையில். இதற்கு ஒரு பழைய பாடமே இருக்கிறது. 2012 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸ் ஆர்டி என்ற ஆர்ம் சிப் டேப்லெட்டை விற்பனைக்கு விட்டது. பார்க்க விண்டோஸ், டெஸ்க்டாப்கூட இருந்தது. ஆனால் வழக்கமான விண்டோஸ் மென்பொருள் எதையும் அதில் ஏற்ற முடியாது. மைக்ரோசாஃப்ட்டின் ஆன்லைன் ஆப் கடையில் கிடைப்பது மட்டும்தான். விற்காமல் தேங்கிய சரக்குக்காக 2013 ஜூலையில் அந்த நிறுவனம் 90 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதியது. அடுத்த வருடம் சர்ஃபேஸ் ப்ரோ 3 வந்தபோது, லேப்டாப்பின் இடத்தைப் பிடிக்கும் டேப்லெட் என்றே விளம்பரம் செய்தார்கள். அதில் இன்டெல் சிப், முழு விண்டோஸ். சொன்னபடி ஓடியது.

2024-இல் வந்த ஸ்னாப்டிராகன் எக்ஸ் சிப் கொண்ட சர்ஃபேஸ் ப்ரோ மறுபடி ஆர்ம் பக்கம். இந்த முறை நிலைமை வெகுவாகத் தேவலை. இன்டெலுக்கு எழுதிய மென்பொருளை உள்ளேயே மாற்றி ஓட்டிவிடுகிறது, சாதாரண ஆளுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் டிரைவரை அப்படி மாற்றி ஓட்ட முடியாது. ஆர்முக்கென்றே எழுதிய டிரைவர் வேண்டும். அதாவது டோக்கன், பழைய ஸ்கேனர், பழைய பிரிண்டர், தையல் எம்பிராய்டரி இயந்திரம் என்று ஒயர் வழியாக ஒட்டுகிற எதற்கும் அந்தத் தயாரிப்பாளர் புது டிரைவர் விட்டிருக்கிறாரா என்று பார்த்த பிறகே காசை எடுக்க வேண்டும். விற்பனையாளரிடம் "விண்டோஸா?" என்று கேட்காதீர்கள், ஆமாம் என்பார். "இன்டெலா, ஏஎம்டியா, ஸ்னாப்டிராகனா?" என்று கேளுங்கள். விலை குறைந்த மாடலாக இருந்தால் எஸ் மோடா (மைக்ரோசாஃப்ட்டின் ஆப் கடையில் கிடைப்பதை மட்டும் ஏற்றவிடும் விண்டோஸ்) என்றும் கேட்கலாம். அதை அமைப்புகளில் போய் இலவசமாக நீக்கிவிடலாம் என்பதால் பயப்பட ஒன்றுமில்லை.

ஐபேட் பக்கம் வேறு மாதிரி ஏமாறுகிறார்கள். எம்4 சிப், இத்தனை கோர், மேக்புக்கில் இருப்பதும் அதே சிப் என்று வீடியோக்களில் காட்டுவார்கள். உண்மைதான். ஆனால் வேகம் எப்போதும் பிரச்சினையாக இருந்ததில்லை. 2025 செப்டம்பரில் வந்த ஐபேட்ஓஎஸ் 26-இல் ஜன்னல்களை இஷ்டத்துக்கு இழுத்து வைக்கலாம், மேலே மெனு பட்டைகூட வந்துவிட்டது. பார்க்க மேக் மாதிரியே இருக்கிறது. மேக் மென்பொருள் மட்டும் ஓடாது.

பெட்டிக்குள் இல்லாததன் விலை

விலை ஒப்பிடும்போது டேப்லெட்டின் விலையையும் லேப்டாப்பின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது அடுத்த தவறு. கீபோர்டு பெரும்பாலும் பெட்டிக்குள் இருப்பதில்லை. 2025 மார்ச்சில் ஒரே வாரத்தில் ஆப்பிள் இரண்டை அறிவித்தது. 13 அங்குல ஐபேட் ஏர் 79,900 ரூபாய், எம்4 மேக்புக் ஏர் 99,900 ரூபாய். இருபதாயிரம் மிச்சம் என்று தோன்றும். ஐபேடுக்கான மேஜிக் கீபோர்டு 29,900. கூட்டினால் 1,09,800. பென்சில் ப்ரோ என்ற பேனாவும் வேண்டுமென்றால் இன்னும் 11,900. இவ்வளவுக்கும் ஐபேடில் 128 ஜிபி, மேக்புக்கில் 256. அன்றைய அறிமுக விலைகள் இவை. விலை ஏறும் இறங்கும், கூட்டல் கணக்கு பெரிதாக மாறாது.

எடையும் இதே தினுசுதான். 2020-இல் 12.9 அங்குல ஐபேட் ப்ரோவுக்கு மேஜிக் கீபோர்டு வந்தபோது டேப்லெட் 641 கிராம், கீபோர்டு சுமார் 700 கிராம். இரண்டும் சேர்ந்து அன்றைய மேக்புக் ஏரின் 1.29 கிலோவைத் தாண்டிவிட்டது. கையில் எடுத்தால் இறகு மாதிரி இருக்கிறது என்று கடையில் சொல்வது கீபோர்டைக் கழற்றிய பிறகு. பையில் தூக்கிப் போகும் நாளில் கீபோர்டும் கூடவே வரும்.

வேறு கம்பெனியின் விலை குறைந்த கீபோர்டு வாங்கிச் சமாளிக்கலாம், தப்பில்லை. அதன் டச்பேடைக் கொஞ்ச நேரம் தடவிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். டேப்லெட் வாங்கி மூன்றாம் மாதம் அலமாரிக்குப் போகிறதென்றால், பாதி நேரம் குற்றவாளி மட்டமான டச்பேட்தான்.

தமிழில் எழுதுபவர்கள் பார்க்க வேண்டியது

இதை எந்த ரிவ்யூவும் சொல்லாது. விரலால் திரையில் தமிழ் தட்டுவது எந்த டேப்லெட்டிலும் நடக்கும். நிஜ கீபோர்டில் நீங்கள் பழகிய முறையில் தட்ட முடிகிறதா என்பது வேறு விஷயம். விண்டோஸ் 10-இலும் அதற்குப் பிறகும் தமிழ் 99, அஞ்சல் என்ற இரண்டு தட்டச்சு முறைகளும் உள்ளேயே வருகின்றன. ஐபேடிலும் இரண்டும் உண்டு. அந்த இரண்டில் ஒன்றில் பழகியவர்களுக்குக் கவலை குறைவு. என்எச்எம் ரைட்டர், அழகி, இகலப்பை என்று விண்டோஸில் ஒன்றை நிறுவிப் பல வருடமாக அதிலேயே விரல் ஓட்டியவர்களும், பழைய தட்டச்சு முறையில் லோயர், ஹையர் பாஸ் செய்தவர்களும் கடையிலேயே கீபோர்டை மாட்டி ஒரு முழுப் பத்தி அடித்துப் பார்ப்பது நல்லது. ஒரு வரி போதாது. ஸ்ரீ, க்ஷ, ஔ எல்லாம் எங்கே இருக்கிறது என்று தேடும்போதுதான் தெரியும்.

இதைவிடப் பெரிய சிக்கல் பழைய கோப்புகள். யுனிகோடுக்கு முன் பாமினி மாதிரியான எழுத்துருக்களில் அடித்த கடிதம், கல்யாணப் பத்திரிகை, சங்கத்தின் தீர்மானப் புத்தகம் என்று பலரிடம் குவிந்திருக்கிறது. அவை உண்மையில் ஆங்கில எழுத்துகள். எழுத்துரு மாட்டியிருப்பதால் தமிழாகத் தெரிகின்றன. அந்த எழுத்துரு இல்லாத டேப்லெட்டில் திறந்தால் புள்ளி வரும் இடமெல்லாம் அரைப்புள்ளியாக, வாசிக்க முடியாத ஆங்கிலக் குப்பை வரும். டிடிபி கடைக்குக் கோப்பு அனுப்பி வாங்குபவர்கள் டேப்லெட்டுக்கு மாறும் முன் இவற்றை யுனிகோடுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் வேலை செய்பவர்கள் இந்தக் கட்டுரையை இத்தோடு மூடிவிட்டு லேப்டாப்பே வாங்கலாம்.

மடியும் பேனாவும்

பின்னால் முட்டுக்கொடுத்து நிற்கும் டேப்லெட் மேஜையில் அருமையாக நிற்கும். மடியில் வைத்தால் நிற்காது, அல்லது நிற்பதற்காக நாம் அசையாமல் உட்கார வேண்டும். முட்டுக்கும் கீபோர்டுக்கும் சேர்த்துத் தொடையில் நீளம் வேண்டும். உயரம் குறைந்தவர்களுக்கு முட்டு முழங்காலைத் தாண்டி விழும். ரயிலில், பஸ்ஸில், வகுப்பில் கை வைத்த நாற்காலியில் எழுதுபவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. கடையில் எல்லாம் மேஜை மீதுதான் வைத்திருப்பார்கள். ஒரு நாற்காலி கேட்டு வாங்கி மடியில் வைத்துப் பாருங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

பேனா விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் கறாரானது. கையால் எழுதுவது, வரைவது, பிடிஎஃபில் திருத்துவது உங்கள் அன்றாட வேலை என்றால் மட்டும் ஹைபிரிடுக்குப் போங்கள். விடைத்தாள் திருத்தும் ஆசிரியர், வரைபடத்தில் குறிக்கும் சைட் இன்ஜினியர், ஓவியர், நீட் படிக்கும் பிள்ளை, இவர்களுக்கெல்லாம் லேப்டாப் தராததை டேப்லெட் தரும். பேனாவைத் தொடப் போவதில்லை என்றால் ஹைபிரிடுக்குக் கொடுக்கும் கூடுதல் காசு எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. அந்தக் காசில் சுமாரான லேப்டாப் ஒன்றும், சினிமா பார்க்க சாதா டேப்லெட் ஒன்றும் வாங்கினாலே வீட்டில் சண்டை குறையும். சண்டை என்றதும் இன்னொன்று: ஐபேடில் வீட்டில் ஆளுக்கொரு கணக்கு வைத்துக்கொள்ள வழியில்லை. அப்பாவின் மெயிலும் பிள்ளையின் விளையாட்டும் ஒரே இடத்தில்தான்.

மிச்சமுள்ளவை சில்லறை, ஆனால் சில்லறையும் கடிக்கும். மைக்ரோசாஃப்ட்டின் ஆபீஸ் ஆப்களில் 10.1 அங்குலத்துக்கு உட்பட்ட திரையில் இலவசமாகத் திருத்தலாம். அதற்குப் பெரிய திரை என்றால் சந்தா கட்ட வேண்டும். பெரிய டேப்லெட் வாங்கியவர்கள் பில் போட்ட பிறகுதான் இதைக் கேள்விப்படுகிறார்கள். ஒரே ஒரு யுஎஸ்பி-சி துளை உள்ள மாடலில் சார்ஜும் பென்டிரைவும் ஒன்றாக வேண்டுமென்றால் ஹப் ஒன்று தனியாக வாங்க வேண்டும். ஐபேடில் மெமரி கார்டு போட்டு இடத்தைக் கூட்ட முடியாது. வாங்கும் நாளில் எத்தனை ஜிபியோ கடைசிவரை அத்தனைதான்.

கடைசியாக, எக்ஸ்சேஞ்ச். புது டேப்லெட் வாங்கும்போதே பழைய லேப்டாப்பைக் கொடுத்தால் நாலாயிரம், ஐந்தாயிரம் குறைப்பார்கள். கொடுத்துவிடாதீர்கள். ஒரு மாதக் கடைசி, ஒரு ரிட்டர்ன், ஒரு பரீட்சை அல்லது உங்கள் தொழிலில் எது இடிக்குமோ அது ஒருமுறை கடந்து போகட்டும். அதுவரை பழையதை மூலையில் சார்ஜில் போட்டு, குரோம் ரிமோட் டெஸ்க்டாப் போட்டுவைத்தால், அவசரத்துக்கு டேப்லெட்டில் இருந்தே அதைத் திறந்து வேலையை முடித்துக்கொள்ளலாம். இணையம் நன்றாக இருக்க வேண்டும், திரையில் எல்லாம் பொடிப்பொடியாகத் தெரியும். அப்படித் திறக்கும் ஒவ்வொரு தடவையும் எதற்காகத் திறந்தீர்கள் என்று ஒரு தாளில் குறித்துவையுங்கள். மாதக் கடைசியில் தாள் காலியாக இருந்தால் பழைய லேப்டாப்பை விற்றுவிடலாம்.